நித்திரை கொண்ட மலை

அந்த மலை எங்கள் குசினி யன்னலுக்கு நேரெதிரே நின்றது. ஆனால் நின்றது வேறு நாட்டில். நடுவில் சோளக்காடும் ஒரு பைன் தோப்பும் எல்லையில் ஒரு சுங்கச் சாவடியும் இருந்தன. சோளமும் பைனும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. சாவடி கேட்கும்.

எண்பத்தைந்தின் முடிவில் என் கணவரையும் என்னையும் ஷாஃப்ஹவுசன் மாநிலத்தின் ஓரத்தில் இருந்த அந்தக் கிராமத்தில் கொண்டுவந்து விட்டார்கள். சுவிஸ் முடிந்து ஜெர்மனி தொடங்குகிற இடம். ஒரு காலத்தில் வழிப்போக்கர் தங்கும் விடுதியாக இருந்த பழைய வீட்டின் மேல்மாடியில் ஓர் அறை, சமைக்க ஒரு குசினி. அவருக்கு ரைன் ஆற்றங்கரையில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலை. சைக்கிளில் போய் வருவார். எனக்குக் கிராமத்துச் சின்னப் பள்ளிக்கூடத்தைப் பிள்ளைகள் போன பிறகு கூட்டித் துடைக்கிற வேலை. எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரைக்கும் கையில் ஓர் அட்டை தந்திருந்தார்கள். அந்த அட்டையோடு சுவிஸ் முழுக்கச் சுற்றலாம். எல்லையைத் தாண்டக் கூடாது.

யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. தோசைக்கல் மாதிரித் தட்டையான ஊர். பனையை விட்டால் அண்ணாந்து பார்க்க அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. சுவிஸுக்கு வந்த புதிதில் எல்லாரும் தெற்கே கையைக் காட்டி அல்ப்ஸ், அல்ப்ஸ் என்றார்கள். எனக்கு அது ஒரு நீளமான மதிலாகத்தான் தெரிந்தது. இது அப்படி இல்லை. வயல்வெளியின் நடுவிலிருந்து ஒரேயடியாக எழும்பித் தனியே நின்றது. பக்கங்கள் செங்குத்து. உச்சியில் இடிந்துபோன ஒரு கோட்டை. முதல் நாள் காலையில் திரைச்சீலையை விலக்கியதும் என் கை தானாகவே கும்பிட்டது. எங்கள் ஆட்களுக்கு உயரமாக ஒன்றைக் கண்டால் போதும், மேலே முருகன் நிற்பான் என்று முடிவு கட்டிவிடுவோம்.

என் கணவர் தேநீரோடு வந்து பக்கத்தில் நின்று பார்த்தார். அந்த மலைக்கு இடமும் வலமுமாக இன்னும் சில கூம்பு மலைகள் தள்ளித் தள்ளித் தெரிந்தன. அவர் விரலை நீட்டி எண்ணத் தொடங்கினார்.

"இஞ்சரும், அஞ்சுதான் இருக்கு. ஆறு படைவீட்டுக்கு ஒண்டு குறையுது. அந்தா, கிறவல் குவிச்சு வைச்சிருக்கிறாங்கள், அதையும் சேர்த்தால் கணக்குச் சரி."

"உங்கட வாய்க்குத்தான் சாமி இன்னும் விண்ணப்பத்தை இழுத்தடிக்குது" என்றேன். ஆனால் சிரித்தேன். அந்த நாட்களில் அவர் எதையும் பகிடியாக்கிவிடுவார். அதனால்தான் எனக்கு அந்த அறையில் மூச்சு முட்டவில்லை.

அது எரிமலை என்று எனக்குத் தெரியவந்தது பள்ளிக்கூடத்தில். ஒருநாள் கரும்பலகையைத் துடைக்கப் போனால் அதில் என் மலை இருந்தது. குறுக்கே வெட்டின பப்பாசிப்பழம் மாதிரி வரைந்து, நடுவில் சிவப்புச் சோக்கால் ஒரு கோடு அடியிலிருந்து உச்சிவரை இழுத்திருந்தது. மேலே புகை. மலைக்குள் சிவப்பு இருந்தால் அது என்ன என்று தெரியாத அளவுக்கு நான் படிக்காதவள் இல்லை. ஈரத்துணி என் கையிலிருந்து விழுந்துவிட்டது.

வகுப்பு ஆசிரியை இன்னும் போகவில்லை. என் வயதுதான் இருக்கும். மெலிந்த உருவம், பெடியன் மாதிரி வெட்டிய தலைமுடி. கல்லுப் பைத்தியம் பிடித்தவள். வகுப்பின் யன்னல் கட்டை நிறையக் கல்லுகளை அடுக்கி வைத்திருப்பாள். ஒவ்வொன்றையும் தூக்கித் தூசு துடைத்து, அதே இடத்தில் அதே பக்கம் பார்க்க வைக்க வேண்டும். மாறி வைத்தால் மறுநாள் கண்டுபிடித்துவிடுவாள். அதனால் எனக்கு அவள்மேல் முதலிலேயே கொஞ்சம் எரிச்சல். நான் படத்தைக் காட்டினேன். பிறகு யன்னலைக் காட்டினேன். அதுவா இது? ஆம் என்று தலையாட்டினாள்.

எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. எங்கள் வீட்டை எரித்தார்கள் என்று ஓடிவந்தவர்களை, இந்த நாடு முழுக்க வேறு இடமே இல்லாமல், கொண்டுபோய் நெருப்பு மலைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். அதைச் சொல்ல எனக்கு அப்போது ஜெர்மன் இல்லை. முகம் சொல்லியிருக்க வேண்டும். அவள் அவசரமாக எழுந்து வந்து, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்து, தலையைச் சாய்த்து, கண்ணை மூடினாள். நித்திரை. நான் நம்பாமல் பார்க்க, குறட்டையும் விட்டுக் காட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது என் கணவர் யோசித்துவிட்டுக் கேட்டார். "எழும்பினால் எல்லாருக்கும் ஒண்டாச் சொல்லுவினமோ? இல்லாட்டி அட்டைக்காரருக்குப் பிறகுதான் சொல்லுவினமோ?"

எனக்கு ஒரே தம்பி. நித்திரைப் பிரியன். அம்மா கிணற்றடியிலிருந்து கத்தி, குசினியிலிருந்து கத்தி, கடைசியில் செம்புத் தண்ணீரோடு போய் நின்றால்தான் கண் திறப்பான். பிறகு தலை துவட்ட நேரமில்லாமல் சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடுவான். எண்பத்தாறு பிறந்து பனி கரையத் தொடங்கிய நாட்களில், ஆமிக்காரர் அவனைப் பஸ்ஸிலிருந்து இறக்கிப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று செய்தி வந்தது. அன்றைக்கு அம்மாவுக்குக் காய்ச்சல். எழுப்பவில்லை. அவன் தானாக எழும்பியபோது வழக்கமாகப் போகிற பஸ் போய்விட்டது. அடுத்ததில் போனான். அந்த அடுத்ததைத்தான் மறித்தார்கள்.

அம்மா அவனைத் தேடிக் கொழும்புக்கு வந்து, சின்னம்மா வீட்டில் தங்கிக்கொண்டு, முகாம் முகாமாக வாசலில் போய் நின்றாள். சின்னம்மா வீட்டில் தொலைபேசி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தபால் நிலையத்துக்கு முன்னால் உள்ள தொலைபேசிக் கூண்டிலிருந்து அம்மாவுக்கு எடுப்பேன். தெற்கே ஒரு முகாமில் இருக்கிறான் என்பார்கள். அங்கே போனால் அப்படி யாரும் இல்லை என்பார்கள். அம்மா அதையெல்லாம் சொல்லிவிட்டு ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்து நிற்பாள். "அண்டைக்கு நான் எழுப்பியிருக்க வேணும் பிள்ளை. காய்ச்சலெண்டாலும் எழும்பிப்போய் எழுப்பியிருக்க வேணும்."

நேர்த்தி வைக்க எங்கள் பக்கத்தில் அப்போது ஒரு கோயிலும் இல்லை. நான் குசினி யன்னலில் நின்று மலையைப் பார்த்து வைத்தேன். என் தம்பியை உயிரோடு காட்டு, கால்நடையாக உன்னிடம் ஏறி வந்து கற்பூரம் கொளுத்துகிறேன் என்று. வாயால் சொல்லியும் விட்டேன். சொன்ன பிறகுதான் புத்தியில் பட்டது. எனக்குப் போக அனுமதி இல்லாத நாட்டில் நிற்கிற மலைக்கு நேர்ந்திருக்கிறேன். இப்படி ஒரு பிழையை எங்களைத் தவிர வேறு யாரும் விடமாட்டார்கள்.

"நேர்த்தி வைக்கிறதெண்டால் போய்ச் சேரக்கூடிய இடமாப் பார்த்து வைக்க வேணும்" என்றார் கணவர். "கந்தனுக்கே இப்ப சுவிஸுக்கு வர விசா எடுக்க வேண்டியிருக்கும்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சனிக்கிழமைகளில் கிராமத்துச் சனங்கள் கூடையும் கையுமாக எல்லையைத் தாண்டிப் போவார்கள். அந்தப் பக்கம் இறைச்சி மலிவு. மத்தியானம் சொசேஜும் பன்றித் தொடையுமாகத் திரும்பி வருவார்கள். யன்னலில் நின்று பார்க்கிறபோது எனக்கு வயிறு எரியும். சொசேஜுக்காகத் தாண்டலாம், சாமிக்காகத் தாண்ட முடியாது.

அந்தக் கோடையில் ஆசிரியை பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போக ஆயத்தம் செய்தாள். என்னையும் வரச் சொன்னாள். துணைக்கு ஒரு பெரிய ஆள் வேண்டுமாம். அட்டை விஷயம் அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும், பிள்ளைகளோடு பிள்ளைகளாகப் போனால் விட்டுவிடுவார்கள் என்று ஒரு நப்பாசை. குளித்து, கற்பூரத்தைக் கடதாசியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். சாவடியில் இருந்த அதிகாரி அட்டையைப் பார்த்தார். ஆசிரியையிடம் மெதுவாக ஏதோ விளக்கினார். என்னிடம் வருத்தம் தெரிவித்தார். கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டிக்கொண்டாவது திரும்பி வந்திருப்பேன். பிள்ளைகள் சோடி சோடியாகக் கைகோத்துக்கொண்டு சாவடியின் குறுக்குத் தடியைக் கடந்து போனார்கள். நான் இந்தப் பக்கம் நின்று அவர்களுடைய தொப்பிகள் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் நான் வகுப்பைத் துடைத்துக்கொண்டிருக்க அவள் வந்தாள். வெயிலில் மூக்குச் சிவந்திருந்தது. மலையிலிருந்து எதையும் எடுத்துவரக் கூடாது, அது காவல் உள்ள இடம். ஆனாலும் இது பாதையில் உடைந்து கிடந்தது என்று சொல்லி என் கையில் ஒரு கல்லை வைத்தாள். உள்ளங்கை அகலம், தட்டையான சாம்பல் நிறம். நடுவால் ஒரு மஞ்சள் நரம்பு ஓடியது. அரைத்த மஞ்சளை விரலால் இழுத்துப் பூசிய நிறம். தன் தேநீர்க் கரண்டியை எடுத்துத் தட்டிக் காட்டினாள். கல் மணிபோல் ஒலித்தது. அந்தச் சாதிக் கல்லுக்கு அது குணமாம். மலை ஆறிக்கொண்டு வந்தபோது வெடிப்புகளுக்குள் சுடுநீர் புகுந்து, அந்த மஞ்சளை விட்டுவிட்டுப் போனது என்றும் சைகையாலும் படத்தாலும் சொன்னாள்.

எனக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. நான் போகமுடியாத இடத்திலிருந்து மஞ்சள் பூசிக்கொண்டு வந்திருக்கிறது, தட்டினால் மணி அடிக்கிறது. இதற்கு மேல் ஒரு அடையாளம் வேண்டுமா? கழுவி, பாலால் முழுக்காட்டி, சாமிப்படங்களுக்கு நடுவில் வைத்தேன். காலையும் மாலையும் விளக்கு வைத்தேன்.

ஐப்பசியில் கந்தசஷ்டி வந்தது. அந்த மாதத்தில் ரைன் ஆற்றிலிருந்து கிளம்புகிற மூடுபனி அந்தப் பக்கத்துச் சனங்களைப் பிடித்து உலுக்கிவிடும். கிழமைக் கணக்கில் வெயிலே தெரியாது. சோளக்காடும் தோப்பும் சாவடியும் எல்லாம் பாலுக்குள் அமிழ்ந்ததுபோல் போய்விடும். பாலும் பழமுமாக விரதம் இருந்துகொண்டு, இல்லாத மலையைப் பார்த்துக் கும்பிட்டேன். சூரன்போர் நாளன்று மத்தியானம் பனி கொஞ்சம் இறங்கியது. கீழே ஒன்றும் இல்லை. மேலே மலையின் தலை மட்டும் வெயிலில் மஞ்சளாக நின்றது. தம்பி இருக்கிறான் என்று எனக்கு அப்போது நிச்சயமாகத் தெரிந்தது. மலை எப்படி நித்திரை கொள்கிறதோ, அப்படி எங்கேயோ சத்தம் இல்லாமல் இருக்கிறான். நேரம் வர எழும்பி வருவான். அந்த ஆசிரியை கன்னத்தில் கைவைத்துக் காட்டியதை நான் அவ்வளவு தூரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மறு வருடம் பனி கரைந்து, மலையின் தெற்குச் சரிவில் திராட்சைத் தோட்டங்கள் பச்சை பிடிக்கத் தொடங்கியபோது, வில் என்கிற சுவிஸ் நகரத்துக்குப் புதிதாக ஒரு பெடியன் வந்திருக்கிறான், அவனும் அதே தெற்கத்தி முகாமில் இருந்து வெளியே வந்தவன் என்று கணவருக்கு யாரோ சொன்னார்கள். அவருடைய ஓய்வு நாளில் ரயில் எடுத்துப் போனார். நான் வரமாட்டேன் என்றுவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை. அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன்.

பின்னேரம் படியேறி வருகிற சத்தம் கேட்டது. ஆனால் ஆள் உள்ளே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். மேல் படியில் உட்கார்ந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவிழ்த்து முடித்த நாடாவைத் திரும்பவும் பிடித்துக்கொண்டிருந்தார். வாயில் பகிடி ஒன்றும் இல்லை.

"சொல்லுங்கோ."

"அவனோட ஒரே அறையில இருந்திருக்கிறான் அந்தப் பெடியன்."

"கண்டவனோ?"

"கண்டவன்." நாடாவை விரலில் சுற்றினார். "தூக்கிக்கொண்டு போனதையும் கண்டவன். முதல்நாள் அடிச்சுப்போட்டுக் கொண்டந்து விட்டவங்களாம். விடியக் காலமை எழும்பேல்லை. நித்திரை எண்டுதான் முதல்ல எல்லாரும் நினைச்சவையாம்."

உடலை யாரிடமும் கொடுக்கவில்லை. எங்கே கொண்டுபோனார்கள் என்று அந்தப் பெடியனுக்கும் தெரியாது. நான் உள்ளே போய்க் குழம்பை இறக்கி வைத்தேன். எனக்குத் தலையில் அடித்துக்கொண்டு கத்த வேண்டும்போல் இருந்தது. கீழே வீட்டுக்காரக் கிழவி வானொலி கேட்டுக்கொண்டிருந்தாள். மரத்தளம், தும்மினாலும் கேட்கும். அந்த வீட்டில், அந்தக் கிராமத்தில், ஒரு சாவுக்கு வாய்விட்டு அழுவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. கணவர் வந்து என் முதுகில் கை வைத்தார். அவர்தான் அழுதார்.

அடுத்த நாள் வேலைக்குப் போனேன். ஆசிரியை கொப்பிகள் திருத்திக்கொண்டிருந்தாள். இப்போது எனக்கு ஜெர்மன் அரைவாசியாவது விளங்கும். நேரே போய்க் கேட்டேன். "இந்த மலை எப்போது எழும்பும்?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பெரிய ஆள் ஒருத்தி கேட்கிறாள், பெரிய ஆளுக்குச் சொல்கிறமாதிரிச் சொல்லலாம் என்று நினைத்திருப்பாள். இது எழும்பாது என்றாள். எனக்கு விளங்கவில்லை என்று நினைத்து, ஒரு விரலை மெழுகுதிரிபோல் நிமிர்த்திப் பிடித்து, பூ என்று ஊதினாள்.

வாயால் ஊதி விளக்கை நூர்ப்பது எங்கள் வீட்டில் ஆகாத காரியம். நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் உற்சாகமாகச் சோக்கை எடுத்துப் பலகையில் வரையப் போய்விட்டாள். ஒரு காலத்தில் இதைச் சுற்றிச் சாம்பலும் புழுதியுமாக இன்னும் பெரிய மலை ஒன்று இருந்ததாம். நாங்கள் நினைத்தே பார்க்க முடியாத பழைய காலம். பிறகு அல்ப்ஸிலிருந்து பனிப்பாளம் இறங்கி வந்து, மெத்தென்று இருந்ததையெல்லாம் சுரண்டிக்கொண்டு போய்விட்டது. அள்ள முடியாமல் விட்டுப்போனது நடுவில் இருந்த இந்தக் கடினமான துண்டை மட்டும்தான். உள்ளேயிருந்து மேலே வந்து, வெளியே வராமல், வழியிலேயே இறுகிப்போன கல். தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். நாங்கள் பார்ப்பது மலையை இல்லை, மலையின் தொண்டையை.

"அப்போ ஏன் நித்திரை என்று சொன்னாய்?"

"நீ பயந்துபோய் நின்றாய்" என்றாள். "பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்வேன். செத்துப்போன மலை என்று சொன்னால் அழுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள்."

எனக்கு அவளை அடிக்க வேண்டும்போல் இருந்தது. கிட்டத்தட்ட ஒரு வருடமாக நான் விளக்கு வைத்தது இவளுடைய ஒரு சமாதானப் பேச்சுக்கு. அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவளுடைய கல்லுகளை நான் துடைக்கவில்லை. தூசு படியட்டும் என்று விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று நானும் கணவரும் கதைத்து, நான்தான் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்திருந்தோம். வசனத்தை வாய்க்குள் ஆயத்தமாக வைத்துக்கொண்டு கூண்டுக்குள் போனேன். அவர் வெளியே முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். நான் தொடங்குமுன் அம்மா தொடங்கிவிட்டாள்.

"பிள்ளை, இஞ்ச எல்லாரும் ஒரு கதை கதைக்கினம். அவன் இல்லையாம். சின்னம்மா ஐயரோடயும் கதைச்சவள். தர்ப்பையில பாவை செய்து, அதை அவனா நினைச்சு எரிச்சு, செய்யவேண்டியதைச் செய்யலாமாம். செய்யாட்டி அவன் அலைவானாம். செய்யட்டோ? நீ சொல்லு. நீ சொன்னாச் செய்யிறன்."

நான் பெட்டிக்குள் இன்னொரு காசைப் போட்டேன்.

"என்ர கையால எப்பிடியடி செய்வன்?" என்றாள் அம்மா. "அண்டைக்கு நான் எழுப்பியிருந்தா அவன் அந்த பஸ்ஸில ஏறியிருக்க மாட்டான். எழுப்பாமல் விட்டவளும் நான், இப்ப கொள்ளி வைக்கச் சொல்லுறவளும் நானோ?"

வாய்க்குள் இருந்த வசனம் அப்படியே நின்றுவிட்டது. கண்ணாடிக்கு வெளியே மலை வெயிலில் நின்றது.

"செய்யாதேங்கோ அம்மா" என்றேன். "இவர் இஞ்ச ஒரு பெடியனைச் சந்திச்சவர். தம்பியோட ஒரே அறையில இருந்தவனாம்."

"கண்டவனோ?"

"ஓம் அம்மா. கண்டவன்."

"எப்பிடி இருந்தவனாம் பிள்ளை?"

"நித்திரை கொண்டவனாம்" என்றேன். "அங்கயும் விடியக் காலமை எழும்பமாட்டானாம்."

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். "தங்கச்சி, கேட்டியே, அங்கயும் நித்திரையாம்" என்று அறைக்குள் சின்னம்மாவுக்குச் சொல்வது கேட்டது. அவள் சிரித்து ஒரு வருடத்துக்கு மேலே ஆகியிருந்தது.

வெளியே வந்ததும் கணவர் முகத்தைப் பார்த்தார். கேட்கவில்லை. இரண்டு பேரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம்.

ஒரு சாவு நடந்தால் எங்களில் துடக்குக் காப்போம். சாமி அறைக்குப் போகமாட்டோம், விளக்கு வைக்கமாட்டோம். நான் காக்கவில்லை. அன்று பின்னேரமும் அந்தக் கல்லுக்கு விளக்கு வைத்தேன். துடக்குக் காத்தால் அவன் செத்துவிட்டான். விளக்கு வைத்தால் அம்மாவிடம் சொன்னது பொய்யில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை. அழவும் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் கூண்டுக்குள் போய், அவன் எழும்பி வருவான் என்று அம்மாவோடு கதைத்துவிட்டு வருவேன். சாப்பாடு இறங்காது. எதையோ விழுங்கிவிட்டு நடுவில் நிற்கிறதுபோல் இருக்கும். மருத்துவரிடம் போனேன், டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தொண்டையில் ஒன்றுமில்லை என்றார்.

ஆசிரியைதான் ஒருநாள் வந்து வழியை மறித்தாள். கல்லுகளில் படிந்த தூசியைக் காட்டி, கோபமா என்று கேட்டாள். எனக்குத் தம்பி என்கிற சொல் ஜெர்மனில் தெரியும். அதைச் சொன்னேன். கையைக் கன்னத்தில் வைத்துக் காட்டினேன். பிறகு விரலை நிமிர்த்தி ஊதிக் காட்டினேன். அவள் பிள்ளைகளின் சின்னக் கதிரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். என் ஈரக் கையைத் துணியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. நானும் அதே பொய்யைச் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன். மறுநாள் கல்லுகளைத் துடைத்தேன்.

எண்பத்தொன்பதில் எங்கள் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டார்கள். கடவுச்சீட்டுக்குப் பதிலாகப் பயண ஏடு ஒன்று தந்தார்கள். எல்லை தாண்டலாம். மலைக்கு வைத்த நேர்த்தியை அம்மாவுக்கு எப்போதோ சொல்லியிருந்தேன். எல்லை தாண்டலாம் என்று கேள்விப்பட்டதும் அம்மா முதலில் சொன்னது, "மலைக்குப் போ பிள்ளை. அவன் வரட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருக்காதை. நேர்த்தியை முதலே செய். முருகனுக்கு மனமிரங்கும்."

கணவருக்கு வேலை. ஆசிரியையோடு போனேன். சாவடியில் வேறொரு அதிகாரி, ஏட்டை விரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். அவ்வளவுதான். இவ்வளவு காலமும் யன்னலில் நின்று பார்த்த தடிக்கு அந்தப் பக்கம் காலை வைத்தபோது ஒன்றுமே நடக்கவில்லை.

ஆடி மாத வெயில். திராட்சைத் தோட்டத்துக்கு மேலே பாதை செங்குத்தாக ஏறியது. கல்லு சுட்டது. கிட்டப் போகப் பல்லிகள் வெடிப்புக்குள் ஓடி ஒளித்தன. புல்லை ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. பாறை இடுக்குகளில் நீலப்பூப் பூத்த ஒரு செடி, கசக்கினால் மருந்து மணக்கும். கோட்டையில் ஆட்கள் இருந்த காலத்தில் தோட்டத்தில் வைத்ததாம். ஆட்கள் போய்விட்டார்கள், செடி தன்பாட்டுக்குப் பரவிவிட்டது என்றாள் ஆசிரியை. பனிப்பாளம் அல்ப்ஸிலிருந்து சுமந்துவந்து போட்டுவிட்டுப் போன உருண்டைக் கல்லுகளையும் காட்டினாள். அவை அந்த மலையின் சாதி இல்லை என்று பார்க்கவே தெரிந்தது. கால் படுகிற இடத்திலெல்லாம் தட்டைக் கல்லுகள் ஒன்றோடொன்று இடித்து மணிச்சத்தம் போட்டன. நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

உச்சியில் முருகன் இல்லை. அது எனக்குத் தெரியும். இடிந்த மதிலில் குந்தி ஒரு குடும்பம் சொசேஜ் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. மதில் ஓரத்தில் நின்று எங்கள் கிராமத்தைத் தேடினேன். ஆசிரியை கையைக் காட்டினாள். பைன் தோப்பு, சோளக்காடு, பழைய விடுதியின் கூரை. என் குசினி யன்னல் ஒரு புள்ளியாக வெயிலில் மின்னியது. அங்கே நின்று ஒருத்தி கும்பிட்டாள் என்று இங்கே இருந்து யாருக்கும் தெரிந்திருக்காது.

காற்று கற்பூரத்தைப் பற்றவிடவில்லை. ஆசிரியை தன் மேலங்கியைக் கழற்றிச் சுற்றிப் பிடித்தாள். மூன்றாவது குச்சிக்குப் பற்றியது. தம்பியைக் காட்டு என்பதுதான் நேர்த்தி. இப்போது எதைக் கேட்பது? சுடர் எரிந்துகொண்டிருந்தது. எனக்குக் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. அப்போதுதான் தொண்டையில் நின்றது வெளியே வந்தது. நான் மதிலில் சாய்ந்து உட்கார்ந்து, தலையிலும் மார்பிலும் அடித்து, என் வீட்டுப் பெண்கள் சாவுக்கு அழுகிறமாதிரி வாய்விட்டு அழுதேன். அந்த நாட்டில் என்னை அறிந்தவர் யாரும் இல்லை. அம்மாவுக்குக் கேட்காது. சொசேஜ் சாப்பிட்டவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மெதுவாக எழுந்து போனார்கள். ஆசிரியை கற்பூரம் எரிந்து முடியும்வரை அங்கியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அதை அவள் ஊதவில்லை.

அந்தக் கல்லையும் கொண்டுபோயிருந்தேன், அங்கேயே விட்டுவிட்டு வருவோம் என்று. மனம் வரவில்லை. இன்றைக்கும் என்னிடம்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கூண்டுக்குள் போனேன். அம்மா காத்துக்கொண்டிருந்தாள். முதல் மணி முடியுமுன் எடுத்தாள்.

"மலைக்குப் போனனியோ பிள்ளை?"

"போனன் அம்மா."

"கற்பூரம் கொளுத்தினனியோ? நூரேல்லையே?"

"இல்லையம்மா. நல்லா எரிஞ்சது."

"முருகனிட்ட என்ன கேட்டனி?"

நான் கண்ணாடியால் வெளியே பார்த்தேன். "அவனை எழுப்பிவிடச் சொல்லிக் கேட்டன் அம்மா."

"ஓம்" என்றாள் அம்மா. குரலில் ஒரு நிறைவு. "அதைத்தான் கேக்க வேணும். ஆரும் எழுப்பாட்டி அவன் ஒருநாளும் தானா எழும்பினதில்லை."